புராஸ்டேட் வீக்கம்: ஸ்கேன் அறிக்கையின் எண் சொல்லாத விஷயங்கள்

வேறு ஏதோ காரணத்துக்காக எடுத்த வயிற்று ஸ்கேனில், ‘புராஸ்டேட் 45 கிராம், வீங்கியுள்ளது’ என்று ஒரு வரி வந்துவிடுகிறது. அறுபதைக் கடந்த ஆணைக் கலங்கடிக்க அந்த ஒரு வரி போதும். ‘இது புற்றுநோயின் தொடக்கம்’ என்பார் ஒருவர். ‘வயதானால் எல்லோருக்கும் வருவதுதான், கண்டுகொள்ளாதே’ என்பார் இன்னொருவர். மூன்றாமவர் ஏதோ ஒரு மூலிகை மாத்திரையின் பெயரைச் சொல்வார். முதல் பேச்சு தவறு. இரண்டாவது பாதி உண்மை. அதில் விடுபட்ட மறுபாதியை அறியாததால்தான் சிலர் சிறுநீரகம் கெட்ட பிறகு மருத்துவமனைக்கு வருகிறார்கள். மூன்றாவதைக் கடைசியில் பார்ப்போம்.

மூட்டுவலியைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் ஆண்கள், சிறுநீர் கழிப்பதில் உள்ள சிரமத்தை மனைவியிடம்கூடச் சொல்வதில்லை. கேட்டால் கூச்சம், அல்லது அது ஆண்மைக்குக் குறைவு என்ற எண்ணம். மருந்தால் எளிதாகச் சரிசெய்யக்கூடிய ஒரு கோளாறு, இந்த மௌனத்தாலேயே ஆண்டுக்கணக்கில் முற்றிப்போகிறது. ஸ்கேனில் வரும் எண்ணைப் பார்த்துப் பயப்படுகிறோம். பார்க்க வேண்டிய இடமோ வேறு. அது எது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

எங்கே இருக்கிறது, எதற்காக இருக்கிறது?

சிறுநீரகங்கள் தயாரிக்கும் சிறுநீர், அடிவயிற்றில் உள்ள சிறுநீர்ப்பையில் சேர்கிறது. பையின் அடியிலிருந்து ஒரு குழாய் கிளம்பி ஆணுறுப்பின் வழியாக வெளியே வருகிறது. இக்கட்டுரையில் ‘சிறுநீர்ப் பாதை’ என்று சொல்வதெல்லாம் இந்தக் குழாயைத்தான். அது பையை விட்டு வெளியே வந்ததும், முதல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் தூரம் ஒரு சுரப்பியின் நடுவே புகுந்து செல்கிறது. அந்தச் சுரப்பியின் பெயர்தான் புராஸ்டேட்.

சட்டையின் காலர் கழுத்தைச் சுற்றி அமைந்திருக்கும் அமைப்பை நினைத்துக்கொள்ளுங்கள். கழுத்து சிறுநீர்ப் பாதை, காலர் புராஸ்டேட். இளம் வயதில் இந்தக் காலரின் எடை சுமார் 20 கிராம். விந்தணுக்கள் நீந்திச் செல்வதற்கான திரவத்தில் ஒரு பகுதியைச் சுரப்பதுதான் இதன் வேலை. சிறுநீர் தயாரிப்பிலோ சேமிப்பிலோ இதற்கு எந்தப் பங்கும் இல்லை. அமைந்திருக்கும் இடத்தால் மட்டுமே இது சிறுநீர் விஷயத்தில் தலையிடுகிறது.

காலர் வெளிப்பக்கமாகத் தடித்தால் கழுத்துக்கு ஒன்றும் ஆகாது. உள்பக்கமாகத் தடித்தால் நெரிக்கும். வயதான ஆண்களில் புராஸ்டேட் வளர்வது பெரும்பாலும் உள்பக்கத்தில்தான். சிறுநீர்ப் பாதையை ஒட்டிய உள்பகுதிக்கு ‘இடைநிலைப் பகுதி’ என்று பெயர். இளைஞர்களிடம் சுரப்பியில் மிகச் சிறிய பங்காக இருக்கும் இந்தப் பகுதிதான் பிற்காலத்தில் முடிச்சு முடிச்சாகப் பெருகுகிறது. புராஸ்டேட் புற்றுநோயோ பெரும்பாலும் வெளிப்பகுதியில் தோன்றுகிறது. இரண்டும் ஒரே சுரப்பியில் வரும் வெவ்வேறு நோய்கள். வீக்கம் முற்றிப் புற்றுநோயாக மாறுவதில்லை. இந்த ஒரு செய்தியை மட்டும் படித்துவிட்டு நீங்கள் கட்டுரையை மூடிவைத்தாலும் எனக்கு நிறைவுதான்.

ஏன் வளர்கிறது?

ஆண்களின் முதன்மை ஹார்மோன் டெஸ்டோஸ்டிரோன். புராஸ்டேட்டுக்குள் நுழைந்ததும் ஒரு நொதி இதை இன்னும் வீரியமான ஹார்மோனாக மாற்றுகிறது. அதன் பெயர் டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன், சுருக்கமாக டி.எச்.டி. புராஸ்டேட் செல்களைப் ‘பெருகு’ என்று தூண்டுவது இதுதான். வயதாகும்போது இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் மெல்லக் குறைந்தாலும், சுரப்பிக்குள் டி.எச்.டி. தொடர்ந்து உற்பத்தியாகிக்கொண்டே இருக்கிறது. புதிய செல்கள் உண்டாகின்றன. பழைய செல்கள் இறக்க வேண்டிய வேகத்தில் இறப்பதில்லை. வரவு கூடி, செலவு குறைந்தால் இருப்பு பெருகத்தானே செய்யும்?

இது எப்படித் தெரியவந்தது என்பது சுவையான கதை. கரீபியன் பகுதியில் உள்ள டொமினிகன் குடியரசில், அந்த நொதி பிறவியிலேயே குறைவாக இருந்த சில குடும்பங்களைப் பற்றி 1974இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அந்த ஆண்களிடம் டெஸ்டோஸ்டிரோன் இருந்தது, டி.எச்.டி. மிகக் குறைவு. வளர்ந்த பிறகும் அவர்களின் புராஸ்டேட் மிகச் சிறியதாகவே இருந்தது. அப்படியானால் அந்த நொதியைத் தடுத்தால் வீக்கத்தைக் குறைக்கலாமே என்று தோன்றிய எண்ணம், 1992இல் ஃபினாஸ்டெரைடு என்ற மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

ஆக, இது வயதும் ஹார்மோனும் சேர்ந்து செய்யும் வேலை. அளவுக்கு மீறிய உடலுறவால் வந்தது, உடலுறவே இல்லாததால் வந்தது, இளமையில் செய்த ‘தவறால்’ வந்தது என்பதெல்லாம் ஆதாரமற்ற பேச்சு. இந்தக் குற்ற உணர்ச்சியைச் சுமந்துகொண்டு வாய் திறக்காமல் இருக்கும் முதியவர்கள் அதை இன்றே இறக்கி வைக்கலாம். ஐம்பதுகளில் உள்ள ஆண்களின் புராஸ்டேட் திசுவை நுண்ணோக்கியில் பார்த்தால், ஏறத்தாழ பாதிப் பேருக்கு இந்தப் பெருக்கம் தெரியும். எண்பதுகளில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல். அத்தனை பேருக்கும் தொந்தரவு வருவதில்லை என்பதும் உண்மை. அது ஏன்?

இரண்டு வகை நெருக்கல்

காலர் கழுத்தை நெரிக்க இரண்டு காரணங்கள் இருக்கலாம். துணி தடிமனாக இருக்கலாம். பொத்தான் இறுக்கமாகப் பூட்டப்பட்டிருக்கலாம். புராஸ்டேட்டிலும் இந்த இரண்டும் உண்டு. செல்கள் பெருகுவதால் ஏற்படும் தடிமன் முதலாவது. அது மெதுவாக, ஆண்டுக்கணக்கில் நடக்கும். சுரப்பிக்குள்ளும் பையின் வாயிலும் உள்ள, நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாத தசைநார்கள் இறுகுவது இரண்டாவது. அது மணிக்கணக்கில்கூட மாறும்.

நேற்றுவரை ஓரளவு சமாளித்தவருக்கு இன்று திடீரென்று நீரடைப்பு வருவதன் ரகசியம் பெரும்பாலும் இந்த இரண்டாவதில்தான் இருக்கிறது. மூக்கடைப்பை நீக்கும் சில சளி மாத்திரைகளில் உள்ள சூடோஎஃபெட்ரின் போன்ற மருந்துகள் இந்தத் தசைநார்களை இறுக்கிவிடும். ஒவ்வாமைக்குத் தரப்படும் பழைய வகை மாத்திரைகள், தூக்கம் வரவைக்கும் வகையைச் சேர்ந்தவை, சிறுநீர்ப்பையின் தசையைத் தளர்த்தி அதன் உந்துவிசையைக் குறைக்கும். கடுமையான மலச்சிக்கல், மிதமிஞ்சிய மது, வேறு ஏதோ அறுவைச் சிகிச்சைக்குக் கொடுத்த மயக்க மருந்து, ஓபியாய்டு வகை வலி மருந்து ஆகியவையும் இதே வேலையைச் செய்யலாம். புராஸ்டேட் வீக்கம் உள்ளவர் மருந்துக் கடையில் சளிக்கு மாத்திரை கேட்கும்போது அந்த விஷயத்தையும் சொல்லிவிட்டே வாங்க வேண்டும்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: புராஸ்டேட் சிறுநீர்ப் பாதையைச் சுற்றியுள்ள சுரப்பி. வயதும் டி.எச்.டி.யும் சேர்ந்து அதன் உள்பகுதியை வளர்க்கின்றன. தடிமன், இறுக்கம் என இரண்டு வழிகளில் அது பாதையை நெருக்குகிறது. இது புற்றுநோய் அல்ல.

சிறுநீர்ப்பை படும் பாடு

இந்த நோயின் மையம் புராஸ்டேட் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். என் பார்வையில், கவனிக்க வேண்டிய உறுப்பு அதற்கு மேலே உள்ள சிறுநீர்ப்பைதான். அது வெறும் தோற்பை அல்ல. முழுக்கத் தசையால் ஆனது. நிரம்பும்போது தளர்ந்து இடம் கொடுக்கும். கழிக்கும்போது சுருங்கி வெளியே தள்ளும்.

வாயில் தடை வந்ததும் பை என்ன செய்கிறது? முதலில் அதிக விசையோடு தள்ளுகிறது. சிறுநீர் வரச் சற்றுத் தாமதமாகும், தாரை மெலியும், விட்டு விட்டு வரும், முடிந்தது என்று நினைத்த பிறகும் சொட்டும். எப்போதும் தடையை எதிர்த்துத் தள்ளுவதால் பையின் தசை தடிக்கிறது. தடித்த தசை முரட்டுத்தனமானது. முன்போல் அமைதியாக விரிந்து கொடுக்காமல், பாதி நிரம்பும்போதே சுருங்கத் தொடங்கிவிடும். அடிக்கடி போக வேண்டியிருப்பதும், தோன்றிய கணத்திலேயே அடக்க முடியாமல் ஓட வேண்டியிருப்பதும், இரவில் பலமுறை எழுவதும் பெரும்பாலும் இதனால்தான். பாதையில் தடை என்றால் குறைவாகத்தானே போக வேண்டும், ஏன் அடிக்கடி போகிறது என்று கேட்பவர்களுக்கு விடை இதுவே.

இந்தக் கட்டத்தில் சிகிச்சை கிடைத்தால் பை பெரும்பாலும் தேறிவிடும். கிடைக்காவிட்டால், ஒரு சிலருக்கு அடுத்த கட்டம் வருகிறது. தசை களைத்துப்போகிறது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சிறுநீர் பையிலேயே தங்குகிறது. இதற்கு ‘எஞ்சிய நீர்’ என்று பெயர். ஆரோக்கியமான பை கழித்து முடித்ததும் கிட்டத்தட்டக் காலியாகிவிடும். தேங்கிய நீரில் கிருமிகள் வளரும்; உப்புகள் படிந்து கல் உண்டாகும். தேக்கம் மிகுந்து அழுத்தம் மேல்நோக்கிப் பரவினால் சிறுநீரகங்களும் வீங்கிப் பழுதடையும்.

இதில் கொடுமை என்னவென்றால், கடைசிக் கட்டத்தில் வலி இருக்காது. பை மெல்ல மெல்ல விரிந்ததால் நரம்புகளுக்கு அது பழகிவிடுகிறது. சிலரது பையில் ஒரு லிட்டருக்கு மேல் தேங்கியிருக்கும். அவர்களுக்கு உணர்வே இருக்காது. நிரம்பி வழியும் நீர் சொட்டுச் சொட்டாகத் தானாகவே கசியும். இரவில் படுக்கை நனையும். ‘வயதாகிவிட்டது, கட்டுப்பாடு போய்விட்டது’ என்று வீட்டார் நினைப்பார்கள். முதியவர் அவமானத்தில் ஒடுங்கிப்போவார். உண்மையில் அது கட்டுப்பாடு இழந்த பை அல்ல, காலியாகவே முடியாத பை. எழுபது வயதுக்காரருக்குப் புதிதாகப் படுக்கை நனைகிறது என்றால், திட்டுவதற்கு முன் ஒரு ஸ்கேன் எடுத்துப் பாருங்கள்.

இப்போது ஸ்கேன் எண்ணுக்கு வருவோம். 80 கிராம் புராஸ்டேட் உள்ள ஒருவர் எந்தத் தொல்லையும் இன்றி இருப்பார். 30 கிராம் உள்ள இன்னொருவர் நீரடைப்பால் அவதிப்படுவார். காலரின் மொத்த எடையைவிட, அது உள்பக்கம் எவ்வளவு நெருக்குகிறது, எவ்வளவு இறுகியிருக்கிறது என்பவையே முக்கியம். சிலருக்குச் சுரப்பியின் நடு மடல் மட்டும் மேல்நோக்கி வளர்ந்து பையின் வாயிலேயே அடைப்பான்போல நிற்கும். மொத்த அளவு சிறியதாகவே இருக்கும். எனவே அறிக்கையில் எடையைப் படிக்கும்போது அதற்குப் பக்கத்தில் எஞ்சிய நீரின் அளவையும் தேடிப் பாருங்கள். என்னைக் கேட்டால் முதலில் படிக்க வேண்டியது அதைத்தான்.

இரவில் எழுவதெல்லாம் புராஸ்டேட்டாலா?

இல்லை. இரவில் சிறுநீர் உற்பத்தியைக் குறைக்கும் ஹார்மோன் முதுமையில் சரியாகச் சுரப்பதில்லை. பகலில் கால்களில் தேங்கிய நீர், படுத்ததும் இரத்தத்தில் கலந்து சிறுநீராக வெளியேறும். கட்டுப்பாடற்ற சர்க்கரை நோய், இதயத் தளர்ச்சி, உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் கோளாறு, மாலையில் சாப்பிடும் நீர்ப்பெருக்கி மாத்திரை என்று காரணங்கள் பல. வேறுபடுத்திப் பார்க்க ஒரு வழி உண்டு: எழும் ஒவ்வொரு முறையும் எவ்வளவு போகிறது? ஒவ்வொரு முறையும் நிறையப் போனால், சிக்கல் உற்பத்தியில் இருக்கலாம். கொஞ்சம் கொஞ்சமாகப் போனால் பையையும் புராஸ்டேட்டையும் சந்தேகிக்கலாம். இந்தக் கேள்வியைக் கேட்காமல் புராஸ்டேட் மாத்திரையைத் தொடங்கிவிட்டு, பலன் இல்லை என்று சலித்துக்கொள்பவர்கள் பலர்.

பி.எஸ்.ஏ. என்ற மூன்றெழுத்து

பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் செல்கள் சுரக்கும் ஒரு புரதம். விந்தை இளக்குவது அதன் வேலை. அதில் சிறிதளவு இரத்தத்தில் கசியும். அந்தக் கசிவைத்தான் பரிசோதனையில் அளக்கிறார்கள். மில்லிலிட்டருக்கு 4 நானோகிராம் என்பது நெடுங்காலமாகப் புழங்கிவரும் எல்லை. புற்றுநோயில் இது உயரும். சாதாரண வீக்கத்திலும், கிருமித் தொற்றிலும், நீரடைப்புக்குக் குழாய் செருகிய பிறகும்கூட உயரும். அளவு சற்றே கூடியிருப்பவர்களில் பெரும்பாலானோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. குறைவாக இருந்தால் புற்றுநோயே இல்லை என்ற உத்தரவாதமும் கிடையாது. மருத்துவர் விரலால் தொட்டுப் பார்க்கும் சோதனை, தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ., அதற்குப் பிறகும் சந்தேகம் இருந்தால் திசுப் பரிசோதனை என்று படிப்படியாகப் போவார்கள்.

ஆசனவாய் வழியாக விரலை விட்டுப் பார்க்கும் சோதனைக்குப் பயந்தே பலர் மருத்துவரைத் தவிர்க்கிறார்கள். அது ஒரு நிமிடம்கூட ஆகாது. புற்றுநோய் அதிகம் தோன்றும் வெளிப்பகுதி அந்தப் பக்கம்தான் இருக்கிறது என்பதால்தான் அதைச் செய்கிறார்கள்.

சிகிச்சை: பொத்தானைத் தளர்த்துவதும் துணியை மெலிவாக்குவதும்

தொந்தரவு எவ்வளவு என்பதை அளக்க உலகம் முழுவதும் ஏழு கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலைப் பயன்படுத்துகிறார்கள். மொத்தம் 35 மதிப்பெண். 7 வரை லேசானது. 8 முதல் 19 வரை நடுத்தரம். 20 முதல் 35 வரை கடுமையானது. லேசான நிலையில், எஞ்சிய நீரும் சிறுநீரகமும் சரியாக இருந்தால், மருந்தே தேவையில்லாமல் கண்காணித்து வரலாம். படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே நீர் அருந்துவதைக் குறைப்பது, மாலைக்குப் பிறகு காபியையும் மதுவையும் தவிர்ப்பது, மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்வது, கழித்த பின் சற்று நின்று மீண்டும் ஒருமுறை முயல்வது ஆகியவை நல்ல பலன் தரும். பகலிலும் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுவது தவறு.

மருந்துகளில் முதன்மையானவை இரண்டு வகை. டாம்சுலோசின், சிலோடோசின் போன்றவை தசைநார்களைத் தளர்த்துகின்றன. பொத்தானைக் கழற்றுவது போன்ற வேலை. சில நாள்களிலேயே பலன் தெரியும். சுரப்பியின் அளவு குறையாது. எழுந்து நிற்கும்போது தலைச்சுற்றல் வரலாம். விந்து வெளியேறாமல் பையை நோக்கிப் பின்செல்லலாம், அதனால் உடலுக்குத் தீங்கில்லை. கண்புரை அறுவைச் சிகிச்சைக்குப் போகிறவர்கள் இந்த மாத்திரை சாப்பிடுவதை, முன்பு சாப்பிட்டிருந்தாலும்கூட, கண் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். கண்ணின் கருவிழித்திரை துவண்டு அறுவையைச் சிக்கலாக்கும் என்பது 2005 முதல் தெரிந்த விஷயம்.

ஃபினாஸ்டெரைடு, டூடாஸ்டெரைடு ஆகியவை இரண்டாவது வகை. டி.எச்.டி. உற்பத்தியைத் தடுத்துத் துணியையே மெலிவாக்குபவை. சுரப்பி பெரிதாக உள்ளவர்களுக்கே இவை அதிகம் உதவும். சுரப்பியின் அளவில் கால்பங்கு வரை குறையும். ஆனால் ஆறு மாதப் பொறுமை தேவை. ஒரு மாதம் சாப்பிட்டுவிட்டு ‘வேலை செய்யவில்லை’ என்று நிறுத்துவது பொருளற்றது. சிலருக்குப் பாலுணர்வு குறையலாம். இவை பி.எஸ்.ஏ. அளவை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துக் காட்டும் என்பதால், பரிசோதிக்கும் மருத்துவருக்கு மருந்தைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் உண்மையில் உயர்ந்துள்ள அளவு இயல்பானதாகத் தோன்றிவிடும்.

மருந்துக்கு அடங்காதபோதும், அடிக்கடி நீரடைப்பு, தொற்று, பையில் கல், சிறுநீரகப் பாதிப்பு ஆகியவை வந்தபோதும் அறுவைச் சிகிச்சை. வயிற்றைக் கிழிக்காமல், சிறுநீர்ப் பாதை வழியாகவே கருவியைச் செலுத்தி உள்பக்கத் தடிப்பைச் செதுக்கி எடுக்கும் முறைதான் நெடுங்காலமாக அளவுகோலாக இருக்கிறது. ‘டர்ப்’ என்று மருத்துவமனைகளில் சொல்வது இதைத்தான். லேசர் கொண்டும் இதைச் செய்கிறார்கள். மிகப் பெரிய சுரப்பிக்கு அது ஏற்றது. இதில் பெரும்பாலோருக்கு விந்து பின்செல்லும். விறைப்புத்தன்மை பொதுவாகப் பாதிக்கப்படுவதில்லை. உள்பகுதி மட்டுமே அகற்றப்படுவதால், புற்றுநோய்க்கான கண்காணிப்பு அதற்குப் பிறகும் தொடர வேண்டும்.

மூலிகை மாத்திரை? உலகில் அதிகம் விற்பனையாகும் சா பால்மெட்டோ என்ற பனைவகைச் சாற்றை 2006லும் 2011லும் வெளியான ஆய்வுகளில் வெற்று மாத்திரையுடன் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டுக்கும் இடையே பயனில் வேறுபாடு இல்லை. அதில் போகும் பணத்தைவிட, அதை நம்பி வீணாகும் ஆண்டுகள்தான் எனக்குக் கவலை தருகின்றன.

எப்போது தாமதிக்கக் கூடாது?

சிறுநீர் முற்றிலும் நின்று அடிவயிறு வீங்கி வலித்தால், அது அவசரநிலை. அதிகமாகத் தண்ணீர் குடித்து ‘தள்ளிவிட’ முயல்வது வேதனையைத்தான் கூட்டும். மருத்துவமனையில் குழாய் செருகியதும் சில நிமிடங்களில் வலி அடங்கிவிடும். சிறுநீரில் இரத்தம் ஒரே ஒருமுறை வந்தாலும் காட்ட வேண்டும். சிறுநீர்ப்பைப் புற்றுநோயும் அப்படித்தான் முதல் அடையாளம் காட்டும். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சலும் எரிச்சலும், காரணமில்லாத எடைக் குறைவோடு எலும்பு வலியும், கால்கள் மரத்துப்போய்ச் சிறுநீர் வராமல் போவதும் அதே வரிசையில் சேரும்.

இவை எதுவும் இல்லாமல், வழக்கமான தொந்தரவோடு முதல்முறை மருத்துவரைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால், அதற்கு முன் மூன்று நாள்கள் ஒரு குறிப்பு எழுதுங்கள். எந்த நேரத்தில் எவ்வளவு குடித்தீர்கள், எந்த நேரத்தில் எவ்வளவு மில்லிலிட்டர் கழித்தீர்கள், எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், இரவில் எத்தனை முறை எழுந்தீர்கள். அளவு குறித்த பழைய பிளாஸ்டிக் குவளை ஒன்று போதும். சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயர்களையும், சளிக்கும் தூக்கத்துக்கும் கடையில் நேரடியாக வாங்கியவை உட்பட, அதே தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். சொல்லக் கூச்சமாக இருந்தால், தாளை அப்படியே மேசையில் வைத்துவிடலாம்.